உப்பும் வெயிலும் தந்த மருந்து

"குடி தாயி, குடி! பட்டணத்துத் தண்ணி மாதிரி இராது. ஆனா வயித்தை ஒண்ணும் பண்ணாது!"

பெரியம்மா நீட்டிய செம்பை வாங்கிக்கொண்டேன். வாயருகே கொண்டு போனதும் மூக்கு ஒரு கணம் தயங்கிற்று. மெல்லியதொரு மருந்து வாடை! என் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டுப் பெரியம்மா சிரித்தாள்.

"மூஞ்சியைச் சுளிக்காதே. அந்த வாடை இல்லேன்னாத்தான் இப்போ எனக்குப் பயமா இருக்கு."

ராமநாதபுரத்திலிருந்து கடற்கரைப் பக்கம் பஸ்ஸில் போனால், பனைமரங்களும் கருவேலங்காடுமாக இருபுறமும் ஓடிக்கொண்டே வரும். அந்தப் பாதையில் ஒரு சின்னக் கிராமந்தான் பெரியம்மாவின் ஊர். கூப்பிடு தூரத்தில் கடல். கண்ணுக்கு எட்டிய வரையில் தண்ணீர். ஆனால் ஒரு குடம் நல்ல தண்ணீருக்கு அந்த ஊர்ப் பெண்கள் பட்டிருக்கும் பாடு, நம் சென்னை வீடுகளில் குழாயைத் திருகிவிட்டுப் பேசிக்கொண்டிருக்கும் நமக்குத் தெரியாது.

மருந்து வாடையைப் பற்றிப் பெரியம்மா இப்படிப் பேசுவது எனக்குப் பெரிய ஆச்சரியம். ஏனென்றால், முன்பு நான் போயிருந்தபோது அதே வாடைக்காக ஊர்த் தொட்டியில் மருந்து போடும் தம்பியோடு சண்டைக்கு நின்றவள் அவள்தான். "மீன் கொழம்பு கூட நாறுது. இந்தக் கண்றாவியைப் போடாதே!" என்று ஊரே சேர்ந்து சொல்லிற்றாம். அந்தத் தம்பியும் நல்ல பிள்ளை. பெரியவர்கள் பேச்சைத் தட்டாமல் மருந்து போடுவதைக் குறைத்தான். பிறகு மறந்தான். பிறகு நிறுத்தியே விட்டான்.

ஐப்பசி மழை வந்தது. எங்கேயோ குழாய் ஒன்றில் கீறல். சாக்கடைத் தண்ணீர் அதற்குள் புகுந்தது யாருக்கும் தெரியவில்லை. ஒரே வாரத்தில் வீட்டுக்கு வீடு வாந்தியும் பேதியும். பெரியம்மாவின் பேரன், மூன்று வயதுக் குழந்தை, சாயங்காலம் வரை திண்ணையில் விளையாடிக்கொண்டிருந்தவன், நடு இரவில் துவண்டு போனான். கண் குழி விழுந்துவிட்டது. அழுதால் கண்ணீர் வரவில்லை. ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள்.

"ரெண்டு நாள் ஊசி வழியாத் தண்ணி ஏத்தினாங்க தாயி. புள்ளை கண்ணு முழிச்சு 'அப்பத்தா'ன்னு கூப்பிடற வரைக்கும் என் உசிரு என்கிட்டே இல்லே."

அன்று முதல் தினம் காலையில் தொட்டியடிக்குப் போய், "மருந்து போட்டியாப்பா?" என்று கேட்பது பெரியம்மாவின் நித்திய பூஜையாகிவிட்டது.

தண்ணியில்லாக் காடு

பழைய நாளில் ஓர் அதிகாரியைத் தண்டிக்க வேண்டுமானால், "தண்ணியில்லாத காட்டுக்கு மாற்றிவிடுவேன்" என்று மிரட்டுவார்களாம். அந்தக் காடு என்று அவர்கள் மனத்தில் வைத்துச் சொன்னது பெரும்பாலும் ராமநாதபுரத்தைத்தான். ஆனால் இந்தச் சீமைக்காரர்களைப் போல் தண்ணீரின் அருமை அறிந்தவர்களும் இல்லை. பயிருக்குக் கண்மாய், குடிப்பதற்கு ஊருணி என்று தனித்தனியே வெட்டி வைத்தார்கள். ஊருணியில் கால் நனைக்கக்கூடாது, துணி துவைக்கக்கூடாது, மாடு இறங்கக்கூடாது என்று கட்டுப்பாடு. காவலுக்கு ஆளும் உண்டு.

கடலோரத்தில் இன்னொரு வழி. மணலில் பள்ளம் தோண்டி, ஊறி வரும் தண்ணீரைச் சிரட்டையால் மொண்டு மொண்டு குடத்தை நிரப்புவார்கள். கடலுக்குப் பக்கத்திலேயே நல்ல தண்ணீர் எப்படிக் கிடைக்கிறது என்று கேட்கிறீர்களா? மழைத் தண்ணீர் கடல் தண்ணீரைவிட லேசானது. மணலுக்குள் இறங்கிய மழைநீர், அடியில் உள்ள உப்புத் தண்ணீரின் மேல் ஆடை படிந்ததுபோல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே சுமார் 40 அடி வரை அது இறங்கி நிற்கும் என்பது விஞ்ஞானிகளின் கணக்கு. பதமாகச் சிரட்டையால் மொண்டால் நல்ல தண்ணீர். அவசரப்பட்டு மோட்டார் வைத்து உறிஞ்சினால் அடியிலிருந்து உப்பு மேலே ஏறிவிடும். ராமேசுவரம் தீவில் தங்கச்சிமடத்துக்கு அருகே, கடலுக்கு நடுவே கிணறுபோல் இருக்கும் வில்லூண்டி தீர்த்தத்தில் நல்ல தண்ணீர் ஊறுவதைப் பார்த்து யாத்திரிகர்கள் அதிசயப்படுகிறார்களே, பூமிக்கு அடியில் நடக்கும் இந்த வித்தைதான் அங்கேயும் நினைவுக்கு வருகிறது.

மணல் ஊற்று உப்பிலிருந்து தப்பும். ஆனால் அழுக்கிலிருந்து தப்புமா? மேலே கொட்டும் எதுவும் மணலில் விறுவிறுவென்று இறங்கிவிடும். கழிவுக் குழி ஒரு பக்கம், ஊற்று ஒரு பக்கம் என்று நெருங்கிவிட்டால் கேட்கவே வேண்டாம்.

இப்போது காவிரித் தண்ணீர் திருச்சிச் சீமையிலிருந்து குழாய் வழியாக இந்த வறண்ட பூமிக்கு வருகிறது. நரிப்பையூரில் கடல் தண்ணீரை வடிகட்டி உப்பு நீக்கும் நிலையத்தையும் நிறுவினார்கள். எல்லாம் நல்லதே. ஆனால் எங்கிருந்து வந்தாலும், எத்தனை கோடி செலவில் வந்தாலும், கடைசியில் ஊர்த் தொட்டியிலிருந்து வீட்டுக் குடத்துக்கு வரும் அந்தச் சிறு தூரத்தில்தான் ஆபத்து காத்திருக்கிறது.

கண்ணுக்குத் தெரியாத எதிரி

மண்டபம் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் 'மண்டபம் காம்ப்' என்று ஒரு நிலையம் உண்டு. அதென்ன காம்ப் என்று நம்மில் பலர் யோசித்திருக்க மாட்டோம். வெள்ளைக்காரர் காலத்தில், இலங்கையின் தேயிலைத் தோட்டங்களுக்குப் பிழைக்கப் போன நம் ஏழை ஜனங்களைக் கப்பலேற்றுமுன் நிறுத்தி வைத்த இடம் அது. இலங்கை சர்க்கார் நடத்திய முகாம். வாந்தி பேதியோ அம்மையோ கடல் தாண்டி வந்துவிடக் கூடாது என்று சில நாள் காவலில் வைத்து, அம்மை குத்தி, சோதித்த பிறகே அனுப்பினார்கள். எத்தனை தாய்மார்கள் இடுப்பில் குழந்தையோடு அந்த மணலில் காத்துக் கிடந்திருப்பார்கள்! காலராவுக்கு அவ்வளவு பயம்.

காலராக் கிருமி எங்கே ஒளிந்திருக்கிறது என்று 1884-ல் நம் நாட்டில் வைத்தே கண்டுபிடித்தார் ராபர்ட் கோக் என்ற ஜெர்மானிய விஞ்ஞானி. கல்கத்தாவில் ஒரு குளம். அதிலேதான் குளிப்பு, துவைப்பு, குடிதண்ணீர் எல்லாம். அந்தக் குளத்துத் தண்ணீரில் கிருமியைக் கண்டார். எதிரி இன்னான் என்று தெரிந்துவிட்டது. ஆயுதம் வேண்டுமே?

அமெரிக்காவில் ஜான் லீல் என்று ஒரு டாக்டர் இருந்தார். அவருடைய தந்தையும் டாக்டர். உள்நாட்டுப் போரின்போது பிடித்த வயிற்றுக் கடுப்பு தீராமலே பல வருஷம் வாடி இறந்துபோனவர். மகன் அதை மறக்கவில்லை. 1908-ல் ஜெர்சி நகரத்துக்குத் தண்ணீர் அனுப்பும் நீர்த்தேக்கத்தில், யாரையும் கேட்காமல், பிளீச்சிங் பவுடர் கரைசலை மிகக் கொஞ்சமாகக் கலக்க ஏற்பாடு செய்துவிட்டார். "குடிதண்ணீரில் ரசாயனமா!" என்று நடந்துகொண்டிருந்த வழக்கில் ஆட்சேபம் எழுந்தது. இந்தத் தண்ணீரை உங்கள் மனைவி மக்களுக்குக் கொடுப்பீரா என்று கோர்ட்டில் கேட்டார்கள். தயக்கமின்றிக் கொடுப்பேன் என்றார் லீல். கடைசியில் அவர் பக்கமே ஜெயித்தது. வெகு சீக்கிரத்தில் ஊர் ஊராக இந்த வழக்கம் பரவி, டைபாய்டும் காலராவும் பின்வாங்கின.

எங்கள் பெரியம்மாவும் ஜெர்சி நகரத்து வக்கீல்களும் ஒரே சண்டையைத்தான் போட்டிருக்கிறார்கள் என்பதை நினைக்கச் சிரிப்பாக வருகிறது!

கட்டி தட்டிய மூட்டை

"இப்போ தினம் மருந்து போடறியே, பிறகு என்ன கவலை?" என்று தொட்டித் தம்பியைக் கேட்டேன்.

அவன் மோட்டார் அறையைத் திறந்து ஒரு மூட்டையைக் காட்டினான். பிளீச்சிங் பவுடர் கல்லாகக் கட்டி தட்டியிருந்தது.

"கடல் காத்துங்க அக்கா. மூட்டையைப் பிரிச்ச பத்து நாள்லே ஈரம் ஏறிடும். போடறது ஒரே அளவுதான். ஒரு நாள் வாடை தூக்கும், ஒரு நாள் ஒண்ணுமே இருக்காது. இதிலே வீரியம் எவ்வளவு மிச்சமிருக்குன்னு நான் எதை வச்சுச் சொல்றது?"

நியாயமான கேள்வி. புதிய பிளீச்சிங் பவுடரில் மூன்றில் ஒரு பங்கு குளோரின் இருக்கும். ஈரமும் சூடும் பட்டால் அது நாளுக்கு நாள் காற்றோடு போய்விடும். கடலோர ஊரில் ஈரத்துக்கும் சூட்டுக்கும் பஞ்சமா? பெரிய நகரங்களைப் போல் குளோரின் வாயுவை இரும்புச் சிலிண்டரில் வைத்துக்கொள்ளலாம் என்றால், அது விஷ வாயு. கசிந்தால் ஊருக்கே ஆபத்து. சிறு கிராமத்தில் அதைக் கையாள யார் இருக்கிறார்கள்?

வெளியூரிலிருந்து மூட்டையாக வரும் மருந்து வழியிலேயே செத்துப்போகிறது என்றால், மருந்தை ஊரிலேயே, அன்றன்றைக்கு, வேண்டிய அளவு காய்ச்சிக்கொண்டால் என்ன?

காய்ச்சலாம்! அதற்கு வேண்டிய சரக்கு இரண்டே இரண்டு. ஒன்று உப்பு, மற்றொன்று மின்சாரம்.

சமையல் குறிப்புபோல் ஒரு ரசாயனம்

நாம் குழம்பில் போடும் உப்பு, சோடியமும் குளோரினும் கைகோத்து நிற்கும் ஒரு பொருள். உப்பைத் தண்ணீரில் கரைத்து, அதில் இரண்டு உலோகத் தகடுகளை நிறுத்தி, ஒரே திசையில் ஓடும் மின்சாரத்தைச் செலுத்தினால் அந்தக் கை விட்டுப்போகிறது. ஒரு தகட்டில் குளோரின் பிறக்கிறது. மற்றொன்றில் ஹைட்ரஜன் குமிழியாகக் கிளம்பி வெளியேற, தண்ணீரில் காஸ்டிக் சோடா உண்டாகிறது. பிறந்த குளோரின் தப்பிப் போகுமுன் காஸ்டிக் சோடாவோடு கலந்துவிடுகிறது. அந்தக் கலவைதான் சோடியம் ஹைப்போகுளோரைட். கிருமிகளின் யமன்! வேலை முடிந்தபின் அதில் பெரும் பகுதி மறுபடியும் சாதாரண உப்பாகவே மாறிவிடுகிறது என்பதுதான் வேடிக்கை.

இது புதிய கண்டுபிடிப்பல்ல. 1851-லேயே சார்லஸ் வாட் என்ற ஆங்கிலேயர் இதற்கு உரிமை பதிவு செய்தார். முதல் மகா யுத்தத்தின்போது 'அக்விடேனியா' என்ற கப்பல் ஆஸ்பத்திரியாக மாற்றப்பட்டது. காயம்பட்ட சிப்பாய்களுக்காக அந்தக் கப்பலில் ஹென்றி டேகின் என்ற ரசாயன நிபுணர், சுற்றிலும் கிடந்த கடல் தண்ணீரிலேயே மின்சாரம் பாய்ச்சிக் கிருமிநாசினி தயாரித்தார்.

அப்படியானால் ஏன் அன்றே ஊருக்கு ஊர் வரவில்லை? தகடுதான் தொல்லை. இரும்பை நிறுத்தினால் அரித்துத் தின்றுவிடும். கரியை நிறுத்தினால் உதிர்ந்து போகும். பிளாட்டினமோ நகைக் கடை விலை. 1960-களில் ஹென்றி பேர் என்பவர், டைட்டானியம் என்ற உலோகத்தின் மேல் ருத்தேனியம் ஆக்ஸைடைப் பூசினால் அரிக்காமல் உழைக்கும் என்று காட்டினார். நம் சமையல் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்களேன்!

காரைக்குடி தந்த வித்தை

இந்த இடத்தில் நம் சீமைக்காரர்கள் தலை நிமிர்ந்து உட்காரலாம். உப்பையும் மின்சாரத்தையும் சேர்த்துச் செய்யும் இந்த வித்தைக்கென்றே ஒரு மகத்தான ஆராய்ச்சி நிலையம், நம் காரைக்குடியில் இருக்கிறது. காரைக்குடி இன்று சிவகங்கை மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆனால் அந்த நிலையம் பிறந்தபோது அது பழைய ராமநாதபுரம் ஜில்லா.

வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தருகிறேன், ஆராய்ச்சி நிலையத்தை எங்கள் ஊரில் வையுங்கள் என்று கேட்டார். 1948 ஜூலை 25-ந் தேதி பண்டித நேரு அஸ்திவாரக் கல் நாட்டினார். 1953-ம் வருஷம் பொங்கல் சமயத்தில், ஜனவரி 14-ந் தேதி, டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். அதுதான் மத்திய மின்ரசாயன ஆராய்ச்சி நிலையம். டைட்டானியத் தகட்டில் பூச்சு ஏற்றும் நுட்பத்தை இங்கேயே ஆராய்ந்து இந்தியத் தொழிற்சாலைகளுக்குக் கொடுத்தவர்கள் இவர்கள். உப்புத் தண்ணீரிலிருந்து குளோரின் மருந்து தயாரிக்கும் கருவிகளையும் உருவாக்கினார்கள். இரும்பைக் கடல் காற்று எப்படி அரிக்கிறது என்று பார்க்க மண்டபத்திலும் இவர்களுக்கு ஒரு கிளை உண்டு.

வித்தை காரைக்குடியில். உப்பு? வாலிநோக்கத்துக்குப் போய்ப் பாருங்கள். தமிழ்நாடு உப்புக் கழகத்தின் பாத்திகள் கண்ணைப் பறிக்கும் வெள்ளையாக விரிந்து கிடக்கும். வெயில்? அதைச் சொல்லவும் வேண்டுமா! கமுதியில் 2016-ம் வருஷம் 2,500 ஏக்கர் பரப்பில், 648 மெகாவாட் மின்சாரம் தரும் சூரிய மின் நிலையத்தை அமைத்தார்கள். தொடங்கியபோது, ஒரே இடத்தில் அமைந்தவற்றுள் உலகத்திலேயே மிகப் பெரியது என்று அதைச் சொன்னார்கள். "இந்த வெயில் பொசுக்குதே" என்று தலையில் அடித்துக்கொண்ட சீமைக்கு அந்த வெயிலே சொத்தாகிவிட்டது.

சூரியத் தகட்டுக்கும் இந்த மருந்துக் கருவிக்கும் உள்ள பொருத்தம், பத்துப் பொருத்தமும் சேர்ந்த ஜாதகம் மாதிரி. நம் வீட்டுக்குக் கம்பி வழியாக வரும் மின்சாரம் முன்னும் பின்னும் அலைபாய்வது. மருந்துக் கருவிக்கோ ஒரே திசையில் ஓடும் மின்சாரம் வேண்டும். சூரியத் தகடு அதைத்தான் தருகிறது. இன்னொரு சௌகரியம்: ராத்திரிக்கென்று மின்சாரத்தை விலை உயர்ந்த பாட்டரியில் சேர்த்து வைக்க வேண்டியதில்லை. பகலில் மருந்தைக் காய்ச்சி வைத்துக்கொண்டால் போதும். வெயிலையே குடத்தில் பிடித்து வைத்த மாதிரி!

ஒரு குடம் மருந்து

இல்லத்தரசிகளுக்குக் கணக்குப் பார்க்காமல் திருப்தி வராது. பார்த்துவிடுவோம்.

1,000 பேர் உள்ள கிராமம். ஆளுக்குத் தினம் 55 லிட்டர் என்பது சர்க்கார் வைத்திருக்கும் அளவு. மொத்தம் 55,000 லிட்டர். லிட்டருக்கு 2 மில்லிகிராம் குளோரின் என்று வைத்தால் தினம் 110 கிராம் வேண்டும். இந்த முறையில் ஒரு கிலோ குளோரினுக்குச் சுமார் மூன்றரைக் கிலோ உப்பும் 5 யூனிட் மின்சாரமும் ஆகும். ஆகவே 110 கிராமுக்கு 400 கிராம் உப்பும் அரை யூனிட்டுக்குச் சற்று மேற்பட்ட மின்சாரமும் போதும். சிறு கருவி கொஞ்சம் அதிகம் தின்னும் என்று மின்சாரத்தை இரட்டிப்பாக வைத்தாலும் ஒரு யூனிட்டைச் சற்றே தாண்டும். 300 வாட் சூரியத் தகடு ஒன்று, நல்ல வெயிலில் ஐந்து மணி நேரத்தில் ஒன்றரை யூனிட் தந்துவிடும்.

வெளிவரும் மருந்து எவ்வளவு தெரியுமா? ஏறக்குறைய 14 லிட்டர். அதாவது, ஒரு குடம். இந்த ஒரு குடம் மருந்து, சுமார் 3,900 குடம் தண்ணீரைக் காக்கிறது!

இதைவிடச் சின்னக் கருவியும் உண்டு. சுவிட்சர்லாந்தில் ஜினீவா நகரத்து 'ஆன்டென்னா' என்ற தர்ம ஸ்தாபனம் 'வாடா' என்று பெயரிட்டு ஒரு கைக் கருவியைச் செய்திருக்கிறது. பெயரைக் கேட்டு யாரையோ கூப்பிடுவதாக நினைத்துவிடாதீர்கள்! ஒரு லிட்டர் தண்ணீரில் 25 கிராம் உப்பு. அதில் இந்தக் கருவியைப் போட்டுச் சூரியத் தகட்டோடு இணைத்தால், 4,000 லிட்டர் தண்ணீரைச் சுத்தம் செய்யும் ஒரு லிட்டர் மருந்து தயார். ஆப்பிரிக்கா முதலிய இடங்களில் சின்ன ஆஸ்பத்திரிகளிலும் கிராமங்களிலும் பெண்களே இதை நடத்துகிறார்கள்.

கவனிக்க வேண்டியவை

எந்தச் சமையலுக்கும் பக்குவம் உண்டல்லவா? இதற்கும் உண்டு. உப்பு சுத்தமாக இருக்க வேண்டும். தண்ணீர் கடினமாக இருந்தால் தகட்டில் வெள்ளைச் சுண்ணாம்பு படியும். அவ்வப்போது காடி போன்ற லேசான அமிலத்தில் கழுவ வேண்டும். கடல் தண்ணீரை அப்படியே உபயோகிப்பது கடலோர மின் நிலையங்களின் குழாய்களுக்குச் சரி. குடிதண்ணீருக்கு ஏற்றதல்ல. கடலில் உள்ள புரோமைடு, வேண்டாத பொருள்களாக மாறிவிடும். ஹைட்ரஜன் எரியக்கூடிய வாயு. ஆகையால் கருவி காற்றோட்டமான இடத்தில் இருக்க வேண்டும். காய்ச்சிய மருந்தை வெயிலில் வைக்காமல், ஒளி புகாத பிளாஸ்டிக் கேனில், நிழலில் வைத்து இரண்டொரு நாளில் செலவழித்துவிட வேண்டும். கலங்கல் தண்ணீரில் ஊற்றினால் சேறே மருந்தைத் தின்றுவிடும். முதலில் தெளிய வைக்க வேண்டும். நம் பாட்டிமார் பானையின் உட்புறம் தேற்றாங்கொட்டையை இழைத்துத் தண்ணீரைத் தெளிய வைத்தார்களே, அதன் அருமை இப்போது புரிகிறது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். இந்த மருந்து கிருமியைக் கொல்லும். தண்ணீரில் உள்ள உப்பை நீக்காது. உப்பு நீக்குவது வேறு வேலை, வேறு யந்திரம்.

இதைப் படித்துவிட்டு, "பாட்டரியும் இரண்டு ஆணியும் இருக்கின்றன, அடுப்பங்கரையிலேயே செய்து பார்ப்போம்" என்று மட்டும் யாரும் கிளம்பிவிட வேண்டாம்! கண்ட உலோகத்தை உப்புத் தண்ணீரில் நிறுத்தினால் அதுவே கரைந்து தண்ணீரை விஷமாக்கும். மூக்கில் ஏறும் குளோரின் விளையாட்டல்ல. வீட்டுக்கு வீட்டு வைத்தியமே போதும். தண்ணீரைத் தளதளவென்று கொதிக்க வைத்து மூடி வையுங்கள். வெளியூரில் விறகுக்கும் காஸுக்கும் வழியில்லையென்றால், தெளிந்த தண்ணீரை நிறமற்ற சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலில் நிரப்பி, நல்ல வெயிலில் ஆறு மணி நேரம் கிடத்தி வையுங்கள். மூட்டமாக இருந்தால் இரண்டு நாள். சூரியன் நேராகவே கிருமியைச் சுட்டுவிடுவான்.

காவல்காரனின் காலடிச் சத்தம்

வீட்டுக் குழாயில் வரும் தண்ணீரில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது மிச்சம் இருக்க வேண்டும் என்பது விதி. மருந்து கலந்து அரை மணி நேரமாவது கழிந்தபிறகே தண்ணீரைத் திறந்துவிட வேண்டும். மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க ஒரு சின்னக் குப்பியில் தண்ணீர் பிடித்து இரண்டு சொட்டு மருந்து விட்டால் நிறம் மாறிக் காட்டிக் கொடுத்துவிடும். இதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. 2019-ல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில், கிராமத்துக்கு ஐந்து பெண்களுக்குத் தண்ணீர் சோதிக்கப் பயிற்சி கொடுக்க வேண்டுமென்றே சொல்லியிருக்கிறார்கள். ஊருணியைக் காத்த காவல் இப்போது பெண்கள் கைக்கு வந்திருக்கிறது. குடம் சுமந்தவளுக்குத்தானே தண்ணீரின் அருமை தெரியும்?

உப்பு இங்கே, வெயில் இங்கே, வித்தை இங்கே. இந்த மூன்றையும் கூட்டி ஒவ்வொரு தொட்டியடியிலும் நிறுத்திவிட்டால், கட்டி தட்டிய மூட்டையை வைத்துக்கொண்டு அந்தத் தம்பி விழிக்க வேண்டியதில்லை. அளவும் ஒரே சீராக இருக்கும். வாடையும் தூக்கலாக அடிக்காது.

கிளம்புகிற அன்று பெரியம்மாவிடம் இதையெல்லாம் சொன்னேன். குடத்தை வாசலில் இறக்கி வைத்துவிட்டு, கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"உப்புத் தண்ணியாலே பொழப்பே போச்சுன்னு இத்தனை நாளும் உப்பைத் திட்டிக்கிட்டிருந்தேன். அந்த உப்பே மருந்துங்கறியே! உப்பிட்டவரை உள்ளளவும் நினைன்னு சும்மாவா சொன்னாங்க?"

அதற்குள் பேரன் விளையாட்டிலிருந்து ஓடி வந்தான். உடம்பெல்லாம் மணல். "அப்பத்தா, தண்ணி!" என்றான். பெரியம்மா செம்பில் மொண்டாள். அவனிடம் நீட்டுமுன் தன் மூக்கருகே ஒரு தரம் கொண்டு போய் முகர்ந்தாள். முகத்தில் நிம்மதி படர்ந்தது.

"குடிடா என் ராசா" என்று கொடுத்தாள்.

மடக் மடக்கென்று அவன் குடிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு நானும் ஒரு செம்பு வாங்கிக் குடித்தேன். அந்த வாடை இந்தத் தடவை எனக்கு மருந்து வாடையாகத் தோன்றவில்லை. நடு இரவில் தெருவில் கேட்கும் காவல்காரனின் காலடிச் சத்தம்போல, நிம்மதியாக இருந்தது.